சம்பளமில்லாப் பேராசிரியை மரியா கெப்பெர்ட் மேயர்

மேரி கியூரி அம்மையாரின் பெயரை அறியாத பள்ளி மாணவர் நம்மிடையே இல்லை. 1903ஆம் ஆண்டில் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவருக்குப் பின்னர், அதே துறையில் அப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண்மணி யார் என வினவினால், விஞ்ஞானம் கற்றவர்களிற் பலரும் சற்றுத் தயங்கவே செய்வர். சரியாக அறுபது ஆண்டுகள் கழிந்து, 1963இல், அப்பரிசைப் பெற்றவர் மரியா கெப்பெர்ட் மேயர். அணுக்கருவின் உள்ளமைப்பை விளக்கியமைக்காக அவருக்குப் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும், லேசர் ஒளி பொருள்மீது விழும்போது நிகழ்வனவற்றை ஆராயும் கூடங்களில் இன்று அவருடைய பெயர் வழங்குவது வேறொரு காரணம்பற்றியாகும். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதில் அவர் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வேடே அக்காரணம். அதனைச் சோதித்துப் பார்க்கக்கூடிய கருவி உலகில் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதே முப்பது ஆண்டுகளும் அவர் தமக்குரிய பல்கலைக்கழகப் பதவியின்றி, புகுந்த நாட்டில் நகருக்கு நகர் மாறிக்கொண்டிருந்தார்.

மரியா 1906ஆம் ஆண்டு ஜூன் 28ஆந் திகதி, அன்று ஜேர்மன் பேரரசுக்கு உட்பட்டிருந்த கட்டோவிட்ஸ் நகரிற் பிறந்தார். இன்று அந்நகர் போலந்து நாட்டில் கட்டோவிச்சே எனப் பெயர் பெற்றுள்ளது. தந்தையார் பிரீட்ரிக் கெப்பெர்ட் குழந்தை மருத்துவர். அவருடைய குடும்பத்தில் ஆறு தலைமுறையாகப் பேராசிரியர்கள் இருந்து வந்தனர். 1910இல் அவர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக நியமனம் பெறவே, குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. ஒரே பிள்ளையான மகள், வளர்ந்ததும் வெறும் இல்லத்தரசியாக இருந்துவிடலாகாது என்பதில் தந்தையார் உறுதியாயிருந்தார். அக்காலத்து ஜேர்மனியில் பெண்பிள்ளைகளைப் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பாடசாலைகள் மிக அரிதாகவே இருந்தன. கெட்டிங்கனில் பெண்ணுரிமையாளர் நடத்திய சிறு தனியார் பாடசாலையொன்றில் மரியா சேர்ந்தார். முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மன் நாணயம் பெறுமதியிழந்தபோது, அப்பாடசாலையும் பணமின்றி மூடப்பட்டது. மரியா தளரவில்லை. ஹனோவர் நகருக்குச் சென்று, உரிய வயதுக்கு ஓராண்டு முன்னதாகவே பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்தார்.

1924இல் அவர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயிலச் சேர்ந்தார். அன்றைய கெட்டிங்கன் எத்தகையது என்பதை ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கணித மேதை டேவிட் ஹில்பேர்ட் கெப்பெர்ட் குடும்பத்தின் நண்பர். மக்ஸ் போர்னும் ஜேம்ஸ் பிராங்கும் அங்கே பௌதிகவியல் கற்பித்தனர். குவாண்டம் பொறிமுறை என்ற புதிய விஞ்ஞானம் 1925இல் அந்த ஊரின் கருத்தரங்க மண்டபங்களிலேயே உருவெடுத்தது. போர்னின் கருத்தரங்குக்குச் சென்ற மரியா, கணிதத்தை விட்டுப் பௌதிகவியலுக்கு மாறினார். 1927இல் தந்தையார் காலமானார். தாயார் வீட்டின் அறைகளை மாணவருக்கு வாடகைக்கு விட்டார். அவ்வாறு குடியிருக்க வந்தவர்களில் ஒருவரே ஜோசப் மேயர் என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர். 1930 ஜனவரியில் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஆய்வேட்டின் ஒரு பகுதியை மரியா, லைடன் நகரில் போல் எரன்பெஸ்டின் வீட்டு விருந்தினராக இருந்தபோது எழுதினார். அதனைப் பரிசீலித்த மூவர் போர்ன், பிராங், இரசாயனவியலாளர் அடோல்ப் வின்டவுஸ் ஆகியோர். மூவரும் ஏதோ ஒரு காலத்தில் நோபல் பரிசு பெற்றவர்கள்.

அந்த ஆய்வேடு என்ன கூறிற்று? சற்றுப் பொறுமையுடன் வாசித்தால் இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று.

அணுவிலுள்ள இலத்திரன் விரும்பிய சக்தியையெல்லாம் ஏற்றுக்கொள்வதில்லை. ஏணிப் படிகளைப் போல், அதற்குக் குறித்த சில சக்திப் படிகள் மாத்திரமே உண்டு. ஒளியும் சொட்டுச் சொட்டாகவே சக்தியைக் கொண்டுவருகின்றது. போட்டன் எனப்படும் அந்த ஒளிச்சொட்டின் சக்தி, இரு படிகளுக்கிடையிலான உயரத்துக்குச் சமமாக இருந்தால் இலத்திரன் மேலே தாவும். சக்தி போதாதாயின் தாவாது. சிவப்பு ஒளியின் சொட்டுக்குச் சக்தி குறைவு. நீல ஒளியின் சொட்டுக்குச் சக்தி கூட. நீல ஒளி தேவைப்படும் இடத்தில் எத்தனை நாள் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினாலும் பயனில்லை என்பதே அதுவரை பாடநூல்கள் போதித்த பாடம்.

சிவப்பு ஒளியின் இரண்டு சொட்டுகள் ஒரே கணத்தில் வந்தால் என்ன நிகழும் என்று மரியா கேட்டார். மணலிற் புதைந்த வண்டியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் தள்ளிக் களைத்துப்போன பின்னர் மற்றவர் வந்து தள்ளினால் வண்டி அசையாது. இருவரும் ஒருசேரத் தோள் கொடுத்தால் அது நகரும். இங்கே ஒருசேர என்பதன் கடுமைதான் நம்பற்கரியது. ஒரு செக்கனைக் கோடியாற் பிரித்து, வந்ததை மீண்டும் கோடியாற் பிரித்து, அதிலும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொண்டால் எவ்வளவோ, அவ்வளவு நேரத்துள் இரண்டாவது சொட்டு வந்து சேரவேண்டும். நடுவில் இலத்திரன் கால் வைத்து நிற்பதற்குப் படி எதுவுமில்லை. இல்லாத படியொன்றில் இமைப்பொழுதினும் குறைவான நேரம் தங்கி அது மேலேறுகின்றது. டிராக் 1927இல் வகுத்த கொள்கையைக் கொண்டு, இத்தகைய நிகழ்வு ஏற்படுவதற்கான நிகழ்தகவை மரியா கணித்தார். 1929இல் ஒரு சிறு குறிப்பாகவும், 1931இல் முழுக் கட்டுரையாகவும் அது ஜேர்மன் மொழியில் வெளியாயிற்று.

இவ்விடத்தில் தமிழர் அறிய வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. திருச்சிராப்பள்ளிக்கு அருகேயுள்ள திருவானைக்காவலிற் பிறந்த சேர் சி. வி. இராமன், கல்கத்தாவில் 1928 பெப்ரவரியில் ஒளிச்சிதறல் பற்றிய தமது கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்தார். இராமன் விளைவில் ஓர் ஒளிச்சொட்டு உட்புகுந்து, நிறம் மாறிய வேறொரு சொட்டு வெளியேறுகின்றது. அதாவது அதுவும் இரு சொட்டுகள் பங்குபற்றும் ஒரே நிகழ்ச்சியாகும். இரண்டும் வெளியேறினால் என்ன, இரண்டும் உட்புகுந்தால் என்ன என்று வினவி, இராமன் விளைவுக்கு ஒப்பான நிகழ்ச்சிகளாகவே அவற்றை மரியா தம் ஆய்வேட்டில் எடுத்து நிறுத்தினார்.

அவருடைய சமன்பாட்டிலிருந்து பெறப்பட்ட முடிவு ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதாரண உறிஞ்சலில் ஒளியின் செறிவு பத்து மடங்கானால் விளைவும் பத்து மடங்காகும். இரு சொட்டு உறிஞ்சலிலோ விளைவு நூறு மடங்காகும். செறிவின் வர்க்கத்துக்கு ஏற்ப அது பெருகுகின்றது. மறுதலையாகப் பார்த்தால், மங்கிய ஒளியில் அந்நிகழ்ச்சி அறவே இல்லையென்று கூறிவிடலாம். பிற்காலத்திற் செய்யப்பட்ட மதிப்பீடு ஒன்றின்படி, நல்ல வெயிலில் வைக்கப்பட்ட சாயமூலக்கூறு ஒன்று செக்கனுக்கு ஒரு தடவை ஒற்றைச் சொட்டை உறிஞ்சுமாயின், இரட்டைச் சொட்டை உறிஞ்சுவதற்கு அது ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1931இல் இதனைப் பரிசோதிக்க எவர் முன்வருவார்? கட்டுரை நூலகங்களின் அடுக்குகளில் உறங்கிற்று.

மரியா 1930இல் கணவருடன் அமெரிக்கா சென்றார். அவர் அகதியாகச் சென்றவர் அல்லர் என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணவருக்குப் பால்ட்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உத்தியோகம் கிடைத்திருந்தது. மனைவிக்குக் கிடைக்கவில்லை. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. கணவனும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத்திற் பணிபுரியலாகாது என்ற விதியும் பரவலாக இருந்தது. ஐரோப்பாவின் தலைசிறந்த பௌதிகவியல் பீடத்திற் பட்டம் பெற்ற பெண்ணுக்கு அளிக்கப்பட்ட வேலை, ஜேர்மன் மொழிக் கடிதப் போக்குவரத்தில் உதவுவது. அதற்கு ஆண்டொன்றுக்குச் சில நூறு டொலர் கொடுத்தார்கள். வேலை செய்ய ஓர் அறையும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகச் சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு உணவகங்களிற் பாத்திரம் கழுவும் நம் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் இந்த இடத்தை விளக்கமின்றியே விளங்கிக்கொள்வர். ஒரு வேறுபாடு உண்டு. மரியாவுக்குப் பசி இருக்கவில்லை. கணவரின் சம்பளம் இருந்தது. ஆய்வு நூல்களும் அறிஞரின் உரையாடலும் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. அந்த வசதியை அவர் ஒரு நாளேனும் வீணாக்கவில்லை.

கார்ல் ஹெர்ஸ்பெல்ட், கணவர் ஆகியோருடன் சேர்ந்து இரசாயனப் பௌதிகவியலிற் பல ஆய்வுகள் செய்தார். 1931, 1932 கோடை விடுமுறைகளில் கெட்டிங்கன் சென்று போர்னுடன் பணிபுரிந்தார். பளிங்குகளின் இயக்கவியல் பற்றி இருவரும் எழுதிய நீண்ட கட்டுரை 1933இல் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

அதே 1933ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹிட்லர் அரசு யூத இனத்தவரை அரச சேவையிலிருந்து நீக்கும் சட்டத்தைப் பிறப்பித்தது. மக்ஸ் போர்ன் பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். முதலாம் உலகப் போரிற் களம் கண்டவர் என்பதால் பிராங்குக்கு விதிவிலக்கு இருந்தது. அவரோ அச்சலுகையை ஏற்க மறுத்து, பகிரங்கமாகப் பதவி துறந்தார். மரியாவுக்குப் பட்டம் வழங்கிய பீடம் சில வாரங்களுக்குள் சிதறிப்போயிற்று. போர்ன் கேம்பிறிட்ஜில் இடம்பெற்று, பின் இராமனின் அழைப்பின் பேரிற் பெங்களூரில் ஆறு மாதங்களளவு தங்கி, 1936இல் எடின்பரோவில் நிலைகொண்டார். பிராங் 1935இல் பால்ட்டிமோருக்கு, மரியா இருந்த அதே பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். திரும்பிச் செல்லக்கூடிய கெட்டிங்கன் ஒன்று அதன்பின் மரியாவுக்கு இருக்கவில்லை. அகதியாகப் புறப்படாதவருக்கும் ஊர் இல்லாமற்போவதுண்டு.

1935இல் அவர் இன்னொரு கட்டுரை எழுதினார். ஓர் அணுக்கருவில் இரண்டு நியூத்திரன்கள் ஒரே கணத்தில் மாற்றமடைந்து இரு இலத்திரன்களை வெளிவிட இயலுமா என்பது அதன் கேள்வி. ஆய்வேட்டின் அதே சிந்தனையே இது: தனித்தனியே நிகழ முடியாத இரண்டு, இல்லாத நடுப்படியொன்றின் வழியாக ஒன்றாக நிகழ்தல். இதற்கு ஆகும் காலம் ஒன்றையடுத்துப் பதினேழு பூச்சியங்கள் இட்ட ஆண்டுகளிலும் கூடுதலானது என அவர் கணித்தார். ஆய்வுகூடத்தில் நேரடியாக அது காணப்பட்டது 1987இலாகும். தமது வாழ்நாளிற் சோதிக்க முடியாதவற்றைக் கணிப்பது அவருக்கு வழக்கமாகவே போய்விட்டது போலும்.

1939இல் கணவர் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கும் மரியாவுக்குச் சம்பளம் இல்லை. ஓர் அலுவலக அறை கிடைத்தது. இரசாயனவியற் பகுதித் தலைவர் ஹரோல்ட் யூரி, பெயரளவிலேனும் ஒரு நிலை இருக்கட்டும் என்று விரிவுரை நிகழ்த்த ஏற்பாடு செய்தார். 1940இல் கணவனும் மனைவியும் எழுதிய புள்ளிவிபரப் பொறிமுறை நூல் வெளிவந்து, நெடுங்காலம் பாடநூலாக நிலைத்தது. 1941 டிசம்பரில், சேரா லோரன்ஸ் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியப் பணி கிடைத்தது. அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்த முதலாவது ஒழுங்கான சம்பள வேலை அதுவே. பட்டம் பெற்றுப் பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன.

போர் மூண்டதும் நிலைமை மாறிற்று. நேற்றுவரை இடமில்லை என்றவர்கள் இன்று ஆள் தேடினர். 1942இல் யூரியின் கீழ் யுரேனியத்தின் சமதானிகளைப் பிரித்தெடுக்கும் இரகசிய ஆய்வில் மரியா சேர்ந்தார். அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று ஒளியைக் கொண்டு சமதானிகளைப் பிரிக்கும் வழி. இரு சமதானிகளும் உறிஞ்சும் ஒளியின் நிறம் இம்மியளவு வேறுபடுவதால், ஒன்றுக்கு மாத்திரம் பொருந்தும் ஒளியைப் பாய்ச்சினால் அதனைத் தனியே பிரிக்கலாம் என்பது எண்ணம். அத்துணைத் தூய ஒற்றை நிறத்தைத் தரும் ஒளிமுதல் அன்று இல்லை, முயற்சி கைவிடப்பட்டது. லேசர் தோன்றிய பின்னர் இதே வழியைப் பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் கையிலெடுத்தன. 1945இல் அவர் சில மாதங்கள் லொஸ் அலமோசில், எட்வேர்ட் டெல்லரின் குழுவிற் பணியாற்றினார். ஹிட்லரின் வீழ்ச்சியை அவர் மனமார விரும்பினார். ஆயினும் குண்டு விழவிருந்தது, தாம் பிறந்து வளர்ந்த நாட்டின்மீதாகவும் இருந்திருக்கலாம். தம்முடைய பகுதி ஆய்வு பயன்தராமற் போனதை, குற்றவுணர்விலிருந்து தப்பிய பேறாகவே அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1946இல் குடும்பம் சிக்காகோவுக்குச் சென்றது. இங்கே மரியாவுக்குப் பேராசிரியர் பட்டம் கிடைத்தது. சம்பளம் கிடைக்கவில்லை. தொண்டர் இணைப் பேராசிரியர் என்பது அவருடைய பதவியின் பெயர்! அயலிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் பகுதிநேர வேலை கொடுத்து ஊதியம் வழங்கிற்று. ஆகவே இந்த ஆண்டுகளிலும் அவர் முற்றாக ஊதியமின்றி இருந்தார் என்று எழுதுவோர் சற்று மிகைப்படுத்துகின்றனர். பல்கலைக்கழகத்தில் அவர் விரிவுரையாற்றினார், மாணவரை வழிநடத்தினார், குழுக்களில் அமர்ந்தார். முன்னொருகால் விரிவுரையாளனாக இருந்தவன் என்ற முறையில், இப்பணிகளின் பாரம் எத்தகையதென்பது எனக்குத் தெரியும். அவரோ சிக்காகோவிலேதான் தாம் முதன்முறையாக வரவேற்கப்பட்டதாக உணர்ந்தாராம். ஒரு கல்விமானை எவ்வளவு குறைவானதைக் கொண்டு மகிழ்விக்க முடிகின்றது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாவதில்லை.

நோபல் பரிசுக்குரிய ஆய்வு இங்கேதான் நடந்தது. அது பலரும் எழுதிய கதையாதலாற் சுருக்கமாகக் கூறுகின்றேன். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் புரோத்தன்களையோ நியூத்திரன்களையோ கொண்ட அணுக்கருக்கள் ஏனையவற்றிலும் உறுதியானவை என்பதை அவர் தரவுகளிலிருந்து திரட்டிக் காட்டினார். காரணம் மாத்திரம் பிடிபடவில்லை. ஒரு நாள் என்ரிக்கோ பெர்மி, தற்சுழற்சிக்கும் சுற்றுப்பாதைக்கும் இடையே பிணைப்பு இருப்பதற்கு ஏதும் சான்றுண்டா என்று கேட்டார். அவ்வொரு கேள்வியில் முழு விடையும் மரியாவுக்குப் புலனாயிற்று. சுழன்று சுழன்று மண்டபத்தைச் சுற்றி ஆடும் நடனச் சோடிகளை உவமையாகக் காட்டி அவர் அதனை விளக்குவார். அதே விடையை அதே வேளையில் ஜேர்மனியில் ஹன்ஸ் யென்சனும் அவருடைய தோழர்களும் கண்டிருந்தனர். 1949இல் இரு தரப்பும் வெளியிட்டன. முந்தியவர் யாரென்று வழக்காடாமல், மரியாவும் யென்சனும் சேர்ந்து 1955இல் ஒரு நூலே எழுதினர். போரில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்த இரு நாட்டவர் அவர்கள்.

1960ஆம் ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகளுக்கு உரியது. அவ்வாண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் உலகின் முதலாவது லேசரை ஒளிரச் செய்தார். அதே ஆண்டில், அதே மாநிலத்தின் சான் டியேகோ நகரில் புதிதாக எழுந்த பல்கலைக்கழகம் மரியாவை முழுச் சம்பளத்துடன் பேராசிரியராக நியமித்தது. அவருக்கு வயது ஐம்பத்துநான்கு. வந்து சேர்ந்த சிறிது காலத்தில் பக்கவாதம் அவரைத் தாக்கிற்று. ஆயினும் தொடர்ந்து கற்பித்தார்.

1961இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கைசரும் கரெட்டும், யுரோப்பியம் கலந்த கல்சியம் புளோரைட்டுப் பளிங்கின்மீது மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினர். பளிங்கிலிருந்து நீல ஒளி வெளிவந்தது. உள்ளே சென்றது 694 நனோமீற்றர் அலைநீளம். வெளியே வந்தது 425 நனோமீற்றர் அளவில். செறிவின் வர்க்கத்துக்கு ஏற்பவே நீல ஒளி பெருகிற்று. முப்பதாண்டு உறங்கிய கணக்கு சரியென உறுதியாயிற்று. அதன் மறுபாதியை, அதாவது இரு சொட்டுகள் ஒருங்கே வெளியேறுவதை, வானியலாளர்கள் அதற்கு முன்னரே பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். சில வான்முகில்கள் விட்டுவிடாது வீசும் ஒளியின் ஒரு பங்கு, ஐதரசன் அணு இவ்வாறு இரு சொட்டுகளை உமிழ்வதால் உண்டாவது என 1951இலேயே விளக்கப்பட்டிருந்தது.

வர்க்க விதியின் உண்மைப் பயன் பின்னரே வெளிப்பட்டது. லேசர்க் கதிரை வில்லையாற் குவித்தால், குவியும் புள்ளியில் மாத்திரமே இரு சொட்டுகள் சந்திக்கப் போதிய நெருக்கம் உண்டாகும். வழியில் எங்கும் ஒன்றும் நிகழாது. இதனைக் கொண்டு டென்க், ஸ்ட்ரிக்ளர், வெப் ஆகியோர் 1990இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய நுணுக்குக்காட்டியை அமைத்தனர். உயிருள்ள மூளையின் மேற்பரப்புக்குக் கீழே, அரை மில்லிமீற்றரிலும் கூடிய ஆழத்தில், தனியொரு நரம்புக் கலம் தொழிற்படுவதை இத்தகைய கருவி கொண்டு இன்று காண்கின்றனர். ஒளிபட்டால் இறுகும் திரவப் பிசினில் இதே முறையைக் கையாண்டு, யப்பானிய ஆய்வாளர் 2001இல் ஒரு காளை மாட்டின் உருவத்தைச் செதுக்கினர். அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு. அதிற் காணப்படும் நுண்ணிய விபரங்கள் 120 நனோமீற்றர் அளவின. செதுக்கப் பயன்பட்ட ஒளியின் அலைநீளமோ அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல்.

மரியா தமது கணக்கு உறுதிப்பட்டதைக் கண்டார்; அது பயன்பட்டதைக் காணவில்லை. 1963இல் விக்னருக்குப் பரிசின் அரைப்பங்கும், யென்சனுக்கும் மரியாவுக்கும் கால்பங்கு வீதமும் கிடைத்தன. உள்ளூர்ப் பத்திரிகையொன்று, சான் டியேகோத் தாயொருவர் நோபல் பரிசு வென்றதாகத் தலைப்பிட்டு மகிழ்ந்தது. யென்சன் எவருடைய தந்தை என்பதை எந்தப் பத்திரிகையும் தலைப்பிட்டதாகத் தெரியவில்லை. 1972 பெப்ரவரி 20ஆந் திகதி மரியா அந்நகரில் காலமானார்.

மூலக்கூறொன்று இரு சொட்டுகளை ஒருங்கே உறிஞ்சும் ஆற்றலை அளக்கும் அலகு இன்று அவருடைய பெயரின் முதலெழுத்துகளால் வழங்குகின்றது. சதமமீற்றரின் நான்காம் அடுக்கிலும் செக்கனிலும் எழுதினால், தசமப் புள்ளிக்குப் பின் நாற்பத்தொன்பது பூச்சியங்களும் ஒரு ஒன்றும் அதன் பெறுமானம். 2018இல், ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின், பௌதிகவியலுக்கான நோபல் பரிசு மூன்றாவது பெண்ணொருவருக்குக் கிடைத்தது. கனடாவைச் சேர்ந்த டொனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற அவர், மிகக் குறுகிய, மிகச் செறிந்த லேசர்த் துடிப்புகளை உண்டாக்கும் முறையை வகுத்தவர். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில், மரியா 1931இல் எழுதிய கட்டுரை மேற்கோளாகக் குறிக்கப்பட்டுள்ளது.